அன்றாட வாழ்வில் இறையன்பு: புனித பிரான்சிஸ் சலேசியாரின் வாழ்க்கை

ஆன்மீக வாழ்வில் ஈடுபட விரும்பும் இல்லறத்தார் பலருடைய உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவதுண்டு. ஜபமும் தியானமும் சாஸ்திரப் படிப்பும் துறவிகளுக்கு எளிதாக இருக்கலாம். அலுவலகம், சமையலறை, குழந்தைகளின் படிப்பு, முதியோரின் நோய் என்று நாள் முழுவதும் அலைக்கழிக்கப்படும் எங்களுக்கு அவை எப்படி இயலும் என்பதே அந்த ஐயம். தட்சிணேசுவரத்தில் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரை நாடி வந்த இல்லறத்து அன்பர்களும் இக்கேள்வியைப் பலவிதமாகக் கேட்டனர். செல்வரின் வீட்டில் வேலை செய்யும் பணிப்பெண் எல்லா வேலைகளையும் செய்தபடியே தன் சொந்த ஊரை நினைத்திருப்பதைப் போல் இல்லறத்தில் வாழவேண்டும் என்று குருதேவர் வழிகாட்டினார்.

இதே கேள்விக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் விடை தந்தவர் புனித பிரான்சிஸ் டி சேல்ஸ். தமிழகத்துக் கத்தோலிக்கர்கள் அவரை பிரான்சிஸ் சலேசியார் என்று அழைப்பர். தம் சொற்பொழிவுகளாலும் கடிதங்களாலும், அனைத்துக்கும் மேலாகத் தாம் வாழ்ந்த வாழ்க்கையாலும் அவர் அந்த விடையை அளித்தார்.

டிசம்பர் மாதம் நம் சங்கத்தினருக்கு ஏசுநாதரின் நினைவோடு இணைந்தது. 1886 டிசம்பர் 24 இரவு, வங்காளத்திலுள்ள ஆன்ட்பூர் கிராமத்தில் துனி நெருப்பைச் சுற்றி அமர்ந்திருந்த சகோதரச் சீடர்களிடம் நரேந்திரர் ஏசுவின் தியாக வாழ்க்கையை எடுத்துரைத்தார். அந்நெருப்பின் முன்னிலையில் அவர்கள் துறவு வாழ்வை மேற்கொள்ள உறுதி பூண்டனர். அது கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு என்பதைப் பின்னரே உணர்ந்தனர். பிரான்சிஸ் மறைந்த நாளான டிசம்பர் 28 அதே வாரத்தில் அமைகிறது. இவ்வேளையில் அவரது வாழ்க்கையைச் சிந்திப்பது பொருத்தமாகும்.

பிறப்பும் கல்வியும்

ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் சவாய் என்றொரு சிற்றரசு இருந்தது. அதன் பெரும்பகுதி இன்று பிரான்ஸ் நாட்டில் உள்ளது. அங்கே தோரான் என்ற ஊருக்கு அருகிலிருந்த சேல்ஸ் கோட்டையில் 1567 ஆகஸ்ட் 21 அன்று பிரான்சிஸ் பிறந்தார். பிரபுக் குடும்பத்தின் மூத்த மகன் அவர். மகன் சட்டம் பயின்று, நாட்டின் உயர் மன்றத்தில் அமர்ந்து, குலப்பெருமையை வளர்க்கவேண்டும் என்பது தந்தையின் விருப்பம். தாயோ மிகுந்த பக்தி உடையவர். மகனின் உள்ளத்தில் இறைவனைப் பற்றிய முதல் விதைகளை ஊன்றியவர் அவரே.

இளமையிலேயே பிரான்சிஸ் பாரிஸ் நகருக்கு அனுப்பப்பட்டார். ஏசு சபையினர் நடத்திய கிளேர்மான் கல்லூரியில் இலக்கியமும் தத்துவமும் கற்றார். தந்தையின் விருப்பப்படி வாள்பயிற்சி, குதிரையேற்றம், நடனம் ஆகியவற்றையும் கற்றார். பழகுவதற்கு இனியவர், அறிவுக் கூர்மை மிக்கவர் என்று பெயரெடுத்தார். வெளித்தோற்றத்தில் குறை ஏதும் இல்லாத இந்த இளைஞர் பத்தொன்பதாம் வயதில் கடும் சோதனை ஒன்றுக்கு உள்ளானார்.

பாரிஸில் நேர்ந்த சோதனை

அக்காலத்தில் ஐரோப்பியக் கல்விக்கூடங்களில் ஒரு கேள்வி தீவிரமாக விவாதிக்கப்பட்டு வந்தது. யார் முக்தி பெறுவர், யார் நரகம் புகுவர் என்பதை இறைவன் முன்பே தீர்மானித்துவிட்டானா? ஜெனீவாவில் வாழ்ந்த சீர்திருத்தவாதி ஜான் கால்வின் அவ்வாறே போதித்தார். கத்தோலிக்க அறிஞர்களிலும் சிலர், புனித அகஸ்டின், புனித தாமஸ் அக்வினாஸ் ஆகியோரின் நூல்களை ஆதாரமாகக் கொண்டு இதற்கு நெருங்கிய கருத்தைக் கூறினர்.

பிறருக்கு இது வாதப்பொருளாக இருந்தது. பிரான்சிஸுக்கோ உயிர்ப் பிரச்சினையாகிவிட்டது. நரகத்துக்கு உரியவர்களின் பட்டியலில் தம் பெயர் இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் 1586ஆம் ஆண்டின் இறுதியில் அவரைப் பற்றிக்கொண்டது. நரகத்தின் வேதனையைவிட, அங்கே இறைவனை நேசிக்க இயலாதே என்ற எண்ணமே அவரை மிகுதியாக வாட்டியது. உணவு செல்லவில்லை, உறக்கம் நீங்கியது, உடல் மெலிந்து வெளிறியது. ஏறத்தாழ ஆறு வாரங்கள் இந்நிலை நீடித்தது.

1587 ஜனவரியில் ஒருநாள், கல்லூரியிலிருந்து திரும்பும் வழியில் புனித ஸ்டீபன் ஆலயத்துக்குள் சென்று, தாம் வழக்கமாக வணங்கும் கரிய நிறத் தேவமாதாவின் திருவுருவத்தின் முன் மண்டியிட்டார். அங்கே அவர் உள்ளத்தில் ஒரு தெளிவு பிறந்தது. மறுமையில் தமக்கு என்ன விதிக்கப்பட்டிருந்தாலும் இருக்கட்டும். அதை அறிந்துகொள்ளும் கவலை தமக்கு வேண்டாம். மறுமையில் இறைவனை நேசிக்க இயலாமற் போனாலும், இம்மையில் வாழும் ஒவ்வொரு கணமும் அவனை நேசித்துவிடுவது என்று உறுதி பூண்டார். அருகில் பலகையில் ஒட்டப்பட்டிருந்த தேவமாதா பிரார்த்தனையை ஓதி எழுந்தபோது, அதுவரை அவரை அழுத்திய பாரம் முழுவதும் விலகிவிட்டதை உணர்ந்தார்.

பக்தி சாஸ்திரம் இதை நிஷ்காம்ய பக்தி என்று கூறும். கண்ணனின் தலைவலிக்கு மருந்தாக அடியவரின் பாததூளி கேட்கப்பட்டபோது, அதைத் தருபவர் நரகம் புகவேண்டும் என்று அஞ்சி மற்றவர்கள் விலகினர். கோபியரோ சிறிதும் தயங்காமல் தந்தனர். நமக்கு நரகம் வந்தாலும் அவனுக்கு நலம் உண்டானால் போதும் என்பது அவர்களுடைய நிலை. பாரிஸ் ஆலயத்தில் மண்டியிட்ட இளைஞரின் நிலையும் அதற்கு அருகிலேயே உள்ளது. முக்தியைக் கூட விலையாகக் கேட்காத அன்பு பிறந்ததும் அச்சம் தானே அகன்றது. பிரான்சிஸின் பிற்கால வாழ்வும் போதனையும் இந்த ஓர் அனுபவத்திலிருந்தே வளர்ந்தவை.

துறவும் தந்தையும்

பின்னர் பிரான்சிஸ் இத்தாலியின் பதுவை நகரில் சட்டம் பயின்றார். தந்தைக்காகச் சட்டத்தையும் தம் உள்ளத்தின் தாகத்துக்காக இறையியலையும் ஒருசேரக் கற்றார். பாரிஸில் எழுந்த கேள்வியை இங்கே அறிவுத்தளத்திலும் ஆராய்ந்தார். தாம் பெரிதும் மதித்த ஆசான்களோடு பணிவுடன் கருத்து வேறுபட்டு, இறைவனின் கருணை அனைவருக்கும் திறந்தே இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். 1591இல் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

ஊர் திரும்பிய மகனுக்கு வழக்கறிஞர் பதவியும் மணப்பெண்ணும் காத்திருந்தன. குருத்துவத்தை ஏற்கவேண்டும் என்ற தம் உறுதியைத் தந்தையிடம் வெளியிடுவது எளிதாக இல்லை. திருச்சபைப் பணியிலிருந்த உறவினர் லூயிஸ் என்பவர், மறைமாவட்டத்தில் உயர்ந்த பொறுப்பு ஒன்று பிரான்சிஸுக்குக் கிடைக்க ஏற்பாடு செய்தார். அது தந்தையின் மனத்தை ஓரளவு இளக்கியது. 1593 டிசம்பர் 18 அன்று, தமது இருபத்தாறாம் வயதில் பிரான்சிஸ் குருவானார்.

ஷாப்லேயில் நான்கு ஆண்டுகள்

ஜெனீவா நகரம் 1536 முதல் கால்வினின் நெறியைச் சார்ந்த சீர்திருத்தக் கிறிஸ்தவர்களின் கோட்டையாக இருந்தது. அதனால் ஜெனீவாவின் கத்தோலிக்க ஆயர் ஆன்ஸி என்ற சிறிய ஊரிலிருந்து பணியாற்றி வந்தார். ஜெனீவா ஏரியின் தென்கரையிலுள்ள ஷாப்லே பகுதி மீண்டும் சவாய் அரசின்கீழ் வந்திருந்தது. அங்குள்ள மக்களைக் கத்தோலிக்க நெறிக்குத் திருப்பும் பொறுப்பை 1594 செப்டம்பரில் பிரான்சிஸும் லூயிஸும் ஏற்றனர்.

மலைமேலிருந்த அலாஞ்ஜ் கோட்டையில் தங்கி, நாள்தோறும் தோனோன் நகருக்கு நடந்து சென்று பிரான்சிஸ் சொற்பொழிவாற்றினார். கேட்க வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர் சொல்வதைக் கேட்கக்கூடாது என்று மக்கள் தடுக்கப்பட்டிருந்தனர். பனிக்காலத்தில் ஓரிரவு ஓநாய்களுக்கு அஞ்சி மரத்தின்மீது ஏறிய அவர், உறக்கத்தில் விழுந்துவிடாதபடி கிளையோடு தம்மைக் கட்டிக்கொண்டார் என்றும், விறைத்துப் போன அவரைக் காலையில் இறக்கிக் காப்பாற்றியவர்கள் மாற்று நெறியைச் சார்ந்த விவசாயிகளே என்றும் சொல்லப்படுகிறது. அவரைக் கொல்லவும் முயற்சிகள் நடந்தன. மகனைத் திரும்பி வருமாறு தந்தை வற்புறுத்தினார். பிரான்சிஸ் திரும்பவில்லை.

தம்மிடம் வராத மக்களின் வீட்டுக்குத் தம் சொற்களை அனுப்ப அவர் ஒரு வழி கண்டார். தம் கருத்துகளைச் சிறு தாள்களில் எழுதி, படியெடுத்தும் அச்சிட்டும், கதவிடுக்குகள் வழியாக உள்ளே தள்ளினார், சுவர்களில் ஒட்டினார். இதன் காரணமாகவே 1923இல் போப் பதினோராம் பத்திநாதர் அவரை எழுத்தாளர்கள், பத்திரிகையாளர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

1598க்குள் அப்பகுதி மக்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்க நெறிக்குத் திரும்பினர். இதில் பிரான்சிஸின் பொறுமைக்கும் இனிமைக்கும் பெரும்பங்கு உண்டு. ஆயினும், நாட்டை ஆண்ட கோமகனின் அதிகாரமும் ஆணைகளும் இம்மாற்றத்தில் பங்கு பெற்றன என்பதை வரலாறு மறைக்கவில்லை. ஆள்பவரின் மதமே குடிமக்களின் மதம் என்ற எண்ணம் ஐரோப்பாவில் வேரூன்றியிருந்த காலம் அது. எல்லா மதங்களும் ஒரே இறைவனை அடையும் வழிகள் என்று குருதேவரிடம் கற்ற நமக்கு இப்பகுதி முழு உடன்பாடு தராமல் இருக்கலாம். ஆனால் வாதத்தால் வெல்வதைவிட அன்பால் வெல்வதே சிறந்தது என்ற பாடத்தை பிரான்சிஸ் இந்த நான்கு ஆண்டுகளில்தான் கற்றார். இயல்பில் விரைவாகச் சினம் கொள்ளும் சுபாவம் அவருக்கு இருந்தது. பிற்காலத்தில் உலகம் போற்றிய அவருடைய சாந்தம் பிறவியில் வந்ததன்று. நீண்டகால சாதனையால் வந்தது.

இதயத்திலிருந்து இதயத்துக்கு

1602 டிசம்பர் 8 அன்று பிரான்சிஸ் ஜெனீவாவின் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அதே ஆண்டில் அவர் பாரிஸில் ஆற்றிய சொற்பொழிவுகளால் மனங்கவரப்பட்ட பிரான்ஸ் மன்னர் நான்காம் ஹென்றி, அவரைத் தம் நாட்டிலேயே இருத்திக்கொள்ள விரும்பினார். பிரான்சிஸோ தம் ஏழை மறைமாவட்டத்தை விட்டு வர இசையவில்லை.

அக்காலத்துப் பிரசங்கிகள் தங்கள் சொற்பொழிவுகளைக் கிரேக்க, லத்தீன் மேற்கோள்களால் நிரப்புவது வழக்கம். புரியாத சொற்கள் எவ்வளவு மிகுதியோ அவ்வளவு மதிப்பு. பிரான்சிஸ் தோட்டத்தையும் தேனீயையும் தாயையும் குழந்தையையும் உவமையாக்கி எளிய மொழியில் பேசினார். இது அவருடைய தந்தைக்கே பிடிக்கவில்லை. முற்காலத்தில் சொற்பொழிவு என்றால் எப்போதோ ஒருமுறை நிகழும், கற்றோர் மட்டுமே புரிந்துகொள்ளும் அரிய விஷயம். மகனோ அடிக்கடி பேசி, லத்தீனும் கிரேக்கமும் இல்லாமல் அதை மலிவாக்கிவிட்டான் என்று அவர் குறைபட்டுக்கொண்டார். இதைப் பிற்காலத்தில் பிரான்சிஸே தம் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பதுண்டு.

சொற்பொழிவாற்றுவது பற்றி ஆண்ட்ரே ஃப்ரெமியோ என்ற பேராயருக்கு 1604இல் அவர் நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். நாவிலிருந்து வரும் சொல் காதை மட்டுமே எட்டும், இதயத்திலிருந்து வரும் சொல்லே இதயத்தை எட்டும் என்பது அதன் சாரம். பேச்சு சுருக்கமாக இருக்கவேண்டும். பேசுபவர் தாம் சொல்வதை முதலில் தாம் வாழ்ந்திருக்கவேண்டும். கேட்டவர்கள் பேச்சாளரைப் புகழ்ந்துகொண்டே செல்வது நல்ல சொற்பொழிவுக்கு அடையாளம் ஆகாது; அவர்கள் தம் வாழ்வைத் திருத்திக்கொள்ளும் எண்ணத்தோடு மௌனமாகச் செல்வதே அடையாளம் என்று அவர் கருதினார். ஆயராக இருந்தும் ஆன்ஸியில் சிறுவர்களைக் கூட்டி வைத்துத் தாமே சமயப்பாடம் கற்பித்தார்.

ஒருமுறை, பிறப்பிலேயே காது கேளாத, பேச இயலாத மார்ட்டின் என்ற இளைஞரைச் சந்தித்தார். இத்தகையோருக்குச் சமயம் கற்பிக்க இயலாது என்று பலரும் எண்ணிய காலம். பிரான்சிஸ் அவரைத் தம் இல்லத்தில் சேர்த்துக்கொண்டு, சைகைகளை உருவாக்கி, இறைவனைப் பற்றிக் கற்பித்தார். செவித்திறன் இழந்தோர் இன்றும் அவரைத் தம் பாதுகாவலராகப் போற்றுகின்றனர்.

ஒரு விதவைத் தாயின் வழிகாட்டி

1604ஆம் ஆண்டு தவக்காலத்தில் டிஜோன் நகரில் பிரான்சிஸ் தொடர் சொற்பொழிவாற்றினார். கூட்டத்தில் முப்பத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருவர் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஜேன் டி ஷாந்தால். பேராயர் ஆண்ட்ரேயின் சகோதரி. 1601இல் அவருடைய கணவர் வேட்டையின்போது தவறுதலாகச் சுடப்பட்டு இறந்தார். நான்கு குழந்தைகளுடன், கடுமையான மாமனாரின் வீட்டில், வீட்டுப் பணிப்பெண் ஒருத்தியின் ஆதிக்கத்தைப் பொறுத்துக்கொண்டு ஜேன் வாழவேண்டியிருந்தது.

முன்பு அவருக்கு வழிகாட்டிய ஒருவர், நீண்ட பிரார்த்தனைகளையும் கடும் விரதங்களையும் விதித்திருந்தார். அவற்றை நிறைவேற்ற ஜேன் எழும்போதெல்லாம் வேலையாட்களும் எழவேண்டியிருந்தது. வீடு முழுவதும் அல்லற்பட்டது. பிரான்சிஸ் அச்சுமைகளை நீக்கினார். குழந்தைகளை வளர்ப்பதும் மாமனாருக்குப் பணி செய்வதும் அந்தப் பணிப்பெண்ணின் கடுஞ்சொல்லைப் பொறுப்பதுமே இப்போது அவருக்குரிய சாதனை என்று எடுத்துரைத்தார். பழைய வழிகாட்டியின் காலத்தில் எசமானி சில வேளைகளில் மட்டும் பிரார்த்தித்தார், எல்லோருக்கும் தொல்லையாக இருந்தது; இப்போது எந்நேரமும் பிரார்த்திக்கிறார், ஒருவருக்கும் தொல்லையில்லை என்று வேலையாட்களே பேசிக்கொண்டனராம்.

ஜேனுக்கு இருந்த மிகக் கடினமான சோதனை, கணவரின் மரணத்துக்குக் காரணமானவரை மன்னிப்பது. பிரான்சிஸ் அவரை அவசரப்படுத்தவில்லை. அம்மனிதரைத் தேடிச் செல்லவேண்டியதில்லை. ஆனால் சந்திக்க நேர்ந்தால் உள்ளம் மென்மையாகவும் கனிவாகவும் இருக்கவேண்டும். உள்ளே இரத்தம் கொதிப்பது இயல்பே, அதற்காகக் கலங்கவேண்டாம் என்று அறிவுறுத்தினார். காலப்போக்கில் ஜேன் அம்மனிதரை ஏற்றுக்கொண்டதோடு, அவருடைய குழந்தைக்கு ஞானத்தாயாகவும் ஆனார். மன்னிப்பு என்பது உணர்ச்சி அடங்கிய பிறகு வருவதன்று. உணர்ச்சி கொந்தளிக்கும்போதே சங்கல்பத்தால் தொடங்குவது என்பதற்கு இது சான்று.

இல்லறத்தாருக்கு ஒரு நூல்

பிரான்சிஸின் உறவினர் ஒருவரின் மனைவியான திருமதி ஷார்முவாஸி அரசவைச் சூழலில் வாழ்ந்தவர். அவருக்கு வழிகாட்டும்பொருட்டு பிரான்சிஸ் எழுதித் தந்த குறிப்புகளைக் கண்ட ஏசு சபைத் துறவி ஒருவர், அவற்றை நூலாக்கும்படி வற்புறுத்தினார். இவ்வாறு உருவாகி 1609இல் வெளிவந்ததே பக்தி வாழ்வுக்கு முன்னுரை என்ற நூல். இறைவனை நேசிப்பவள் என்று பொருள்படும் பிலோத்தியா என்ற பெயரால் அதில் சாதகரை விளித்து எழுதியுள்ளார்.

ஆழ்ந்த பக்தி மடாலயத்துக்கே உரியது என்ற எண்ணத்தை இந்நூல் மாற்றியது. ஒவ்வொரு செடியும் தன் இனத்துக்குரிய கனியைத் தருவது போல, ஒவ்வொருவரும் தம் நிலைக்கேற்ற பக்தியை வளர்க்கவேண்டும் என்கிறார் பிரான்சிஸ். குடும்பத்தலைவன் துறவியைப் போலப் பொருளீட்டாமல் இருந்தாலும், கைவினைஞன் நாள் முழுவதும் ஆலயத்தில் அமர்ந்திருந்தாலும் அது பக்தி ஆகாது. கடமை தவறுதலே ஆகும். மலருக்குச் சேதம் விளைக்காமல் தேனீ தேனெடுக்கிறது. உண்மையான பக்தியோ சேதம் விளைக்காதது மட்டுமன்றி, தான் தொடும் தொழிலையும் உறவையும் மேலும் அழகுபெறச் செய்கிறது. நம் நாட்டுச் சாதகர் இதைச் சுவதர்மம் என்று எளிதில் இனங்கண்டுகொள்வர்.

அந்நூல் கூறும் சாதனைகள் மிக எளியவை. காலையில் தியானித்து முடித்ததும், தோட்டத்தில் உலாவியவர் சில மலர்களைக் கையோடு எடுத்துச் செல்வது போல, மனத்தைத் தொட்ட ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு நாள் முழுவதும் அதன் மணத்தை நுகரவேண்டும். குழந்தை ஒரு கையால் தந்தையின் கையைப் பற்றிக்கொண்டு மறு கையால் வேலியோரத்துப் பழங்களைப் பறிப்பது போல, ஒரு கை இறைவனிடமும் ஒரு கை வேலையிலும் இருக்கவேண்டும். தவறு செய்துவிட்டால் தம்மீதே சீறி விழாமல், இடறிய நெஞ்சத்தை மெல்லக் கைகொடுத்துத் தூக்கி மீண்டும் நடத்தவேண்டும். பெரிய தியாகங்களுக்கான வாய்ப்பு அரிதாகவே வரும். பொறுமை, பணிவு, கனிவு போன்ற சிறிய நற்பண்புகளுக்கான வாய்ப்பு ஒவ்வொரு மணி நேரமும் வரும். சியன்னா நகரின் புனித கேதரின் பெற்ற தெய்வீகக் காட்சிகளைப் போற்றும் பிரான்சிஸ், அவர் தம் தந்தையின் வீட்டு அடுப்படியில் பணிவோடு செய்த சமையல் வேலையையும் அதற்கு இணையாக வைத்துப் பேசுகிறார்.

நூல் எங்கும் பரவியது, எதிர்ப்பும் வந்தது. சில நிபந்தனைகளோடு நடனத்தையும் வேடிக்கைப் பேச்சையும் இல்லறத்தாருக்கு அனுமதித்தது பொறுக்காமல், பிரசங்கி ஒருவர் மேடையிலேயே அந்நூலைக் கிழித்து எரித்தார். பிரான்சிஸ் அவரைப் பற்றி ஒரு கடுஞ்சொல்லும் கூறவில்லை.

அவருடைய இந்தச் சாந்தம் பிறர் முன்னிலையில் மட்டும் காட்டப்படுவதோ என்று ஐயுற்றவர் அவருடைய நண்பரான ஆயர் காமுஸ். பிரான்சிஸ் தம் இல்லத்தில் விருந்தினராகத் தங்கியபோது, கதவில் துளையிட்டு, தனிமையில் அவர் எப்படி இருக்கிறார் என்று காமுஸ் பார்த்தார். தனிமையிலும் அதே அமைதி, அதே கண்ணியம். யாரும் பாராதபோதும் இறைவன் பார்க்கிறான் என்ற உணர்விலேயே அவர் வாழ்ந்தார் என்று காமுஸ் பின்னர் எழுதிவைத்தார்.

தம் கருத்தையும் கொடுத்துவிட்டவர்

குழந்தைகளுக்குரிய ஏற்பாடுகளைச் செய்து முடித்த ஜேன், பிரான்சிஸின் வழிகாட்டுதலில் 1610 ஜூன் 6 அன்று ஆன்ஸியில் துறவியர் சபை ஒன்றைத் தொடங்கினார். கருவுற்றிருந்த எலிசபெத்தைக் காணத் தேவமாதா சென்ற நிகழ்ச்சியின் நினைவாக அது விசிட்டேஷன் சபை எனப்பட்டது. வயது, நோய், உடற்குறை ஆகியவற்றால் பிற மடங்களில் சேர இயலாத பெண்களுக்கும் அங்கே இடமுண்டு. அவர்கள் மடத்தைவிட்டு வெளியே சென்று நோயாளிகளுக்குப் பணிபுரியவேண்டும் என்பது பிரான்சிஸின் திட்டம்.

ஆனால் லியோன் நகரப் பேராயர் இதை ஏற்கவில்லை. பெண் துறவியர் மடத்துக்குள்ளேயே வாழவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். பல காலம் சிந்தித்து வகுத்த திட்டத்தை பிரான்சிஸ் விட்டுக்கொடுத்தார். இறைவனுக்காகத் தொடங்கிய பணியை இறைவன் விரும்பியபடி மாற்றிக்கொள்ளட்டும் என்று அமைதியுற்றார். செயலைவிடச் செயலின் பலனைத் துறப்பது கடினம். தம் கருத்து நிறைவேறவேண்டும் என்ற நுட்பமான விருப்பத்தைத் துறப்பது அதனினும் கடினம்.

இம்மனநிலையின் தத்துவத்தை 1616இல் வெளிவந்த இறையன்பு பற்றிய அவருடைய பெருநூலில் காணலாம். அதில் ஒரு கதை வருகிறது. சிறந்த பாடகன் ஒருவன் செவித்திறனை இழந்துவிட்டான். தன் பாட்டின் இனிமையைத் தானே சுவைக்க அவனால் இயலாது. ஆயினும் தன் அரசனை மகிழ்விக்கத் தொடர்ந்து பாடினான். சில வேளைகளில் அரசன் அவனைப் பாடச் சொல்லிவிட்டு வேட்டைக்குச் சென்றுவிடுவான். தன் காதிலும் இன்பமில்லை, கேட்கும் அரசனின் முகத்தையும் காண முடியவில்லை; அப்போதும் பாடகன் நிறுத்தாமல் பாடினான். வறட்சி மிக்க வேளையிலும் பிரார்த்தனையை விடாத சாதகன் இந்தப் பாடகனுக்கு ஒப்பானவன். பாரிஸ் ஆலயத்தில் பத்தொன்பது வயதில் பெற்ற அனுபவமே நாற்பத்தொன்பதாம் வயதில் இக்கதையாக மலர்ந்தது எனலாம்.

இறுதிச் சந்திப்பு

1622ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் விசிட்டேஷன் துறவியருக்கு அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் எழுத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று நம்பிக்கையைப் பற்றியது. நோயுற்ற மகளுக்காக ஏசுவிடம் மன்றாடிய கானான் நாட்டுப் பெண்ணின் வரலாற்றை அதில் எடுத்துக்கொண்டார். ஏசு முதலில் மௌனமாக இருந்தார். சீடர்கள் அவளை அனுப்பிவிடச் சொன்னார்கள். பின்னர் கிடைத்த பதிலும் கடுமையாகவே இருந்தது. அவளோ நகரவில்லை. உயிருள்ள நம்பிக்கைக்கு விடாமுயற்சியும் பொறுமையும் பணிவும் துணைநிற்கின்றன என்று பிரான்சிஸ் விளக்கினார். குளிர்காலத்தில் உயிருள்ள மரமும் பட்டமரமும் ஒன்றுபோலவே தோன்றும். வசந்தம் வந்தால்தான் வேறுபாடு தெரியும். நற்செயலாகத் தளிர்க்கும் நம்பிக்கையே உயிருள்ளது. சொல்லளவில் நிற்பது பட்டமரம்.

அவ்வாண்டின் இறுதியில் அரசப் பயணமொன்றில் உடன்சென்ற பிரான்சிஸ் லியோன் நகரில் தங்கினார். உடல்நிலை மிகவும் நலிந்திருந்தது. ஆயருக்குரிய வசதியான இல்லங்களை மறுத்து, விசிட்டேஷன் மடத்தின் தோட்டக்காரருடைய சிறு குடிசையைத் தேர்ந்துகொண்டார். அங்கே ஜேன் அவரைச் சந்தித்தார். மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் ஆன்மீக நிலையைப் பற்றி நேரில் பேச வாய்ப்பின்றி இருந்த ஜேன், சொல்லவேண்டியவற்றையெல்லாம் குறித்து வைத்திருந்தார். பிரான்சிஸ் சபைக் காரியங்களை முதலில் பேசுவோம், மற்றவற்றை ஆன்ஸியில் பேசிக்கொள்ளலாம் என்றார். ஜேன் மறுமொழியின்றித் தம் தாள்களை மடித்து வைத்தார். சில மணி நேரம் சபைப் பணிகளையே பேசினர். அவர்கள் மீண்டும் சந்திக்கவில்லை.

டிசம்பர் 27 அன்று பிரான்சிஸை வாதநோய் தாக்கியது. அக்கால மருத்துவர்கள் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடிட்டும் சிகிச்சை செய்தனர். அவர் பொறுமையோடு தாங்கினார். மறுநாள், 1622 டிசம்பர் 28 அன்று, ஐம்பத்தைந்தாம் வயதில் உடலை நீத்தார். ஆன்ஸியில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது. பேசாமற்போன சொற்களை மௌனத்தில் ஒப்படைத்துவிட்டு, ஜேன் மேலும் பத்தொன்பது ஆண்டுகள் சபையை நடத்தினார். பிரான்சிஸ் மறைந்தபோது 13ஆக இருந்த மடங்கள் 1641இல் ஜேன் மறையும்போது 80க்கும் மேற்பட்டிருந்தன.

1665இல் பிரான்சிஸ் புனிதராகவும் 1877இல் திருச்சபையின் மறைவல்லுநராகவும் அறிவிக்கப்பட்டார். அவர் பெயரைத் தாங்கிய இரு துறவியர் சபைகள் நம் நாட்டில் அறியப்பட்டவை. ஆன்ஸியில் தோன்றிய சபையினர் 1846இல் விசாகப்பட்டினத்துக்கு வந்தனர். ஏழை இளைஞர்களின் கல்விக்காக இத்தாலியில் டான் போஸ்கோ நிறுவிய சலேசிய சபையினர் 1906இல் தஞ்சாவூரில் தம் பணியைத் தொடங்கினர். கண்டிப்பைவிடக் கனிவே மாணவரைத் திருத்தும் என்று கருதியதால் டான் போஸ்கோ தம் சபைக்கு பிரான்சிஸின் பெயரைத் தேர்ந்தார்.

நமக்குரிய பாடம்

பிரான்சிஸின் வாழ்க்கையை நோக்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. அன்றாட வேலைகள் நம்மை இறைவனிடமிருந்து பிரிப்பதில்லை. அவ்வேலைகளுக்கும் பிரார்த்தனைக்கும் உடனே பலன் கேட்கும் நம் மனமே பிரிக்கிறது. தியானத்தில் இன்பம் வரவில்லை, வீட்டில் நன்றி கிடைக்கவில்லை, செய்த பணிக்குப் பாராட்டு இல்லை என்று கணக்கிடும்வரை சமையலறையும் பாரமே, பூஜையறையும் பாரமே. பலனைக் கருதாமல் நேசிக்கக் கற்றவருக்கு இரண்டும் ஒன்றே.

நாளைக் காலை தியானம் முடிந்து எழும்போது ஒரு கருத்தை மலர்போல் எடுத்துக்கொள்வோம். முதலில் நம்மிடம் சினந்து பேசுபவரிடம் அதைப் பயன்படுத்திப் பார்ப்போம். தவறினால் மனத்தை மெல்லத் தூக்கி மீண்டும் தொடங்குவோம். கேட்பவன் அருகில் இருப்பதாகத் தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் பாடலை நிறுத்தாத அந்தப் பாடகனின் மனத்தை எம்பெருமான் நமக்கும் அருள்வாராக.